போனைப் பிடுங்கினால் கமெண்ட் நின்றுவிடுமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களையும் வாய்ஸ் மெசேஜ்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வழக்கமாக வரும் மாமியார் சண்டை, வாய்க்கால் தகராறு எல்லாம் ஓரமாகப் போய்விட்டது. பிள்ளைகள், போன், கமெண்ட். இதேதான். ஆறு கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். ஊர்ப் பெயரைத் தவிர வேறு அடையாளம் போடவில்லை, ஒன்றிரண்டு இடத்தில் வயதையும் மாற்றியிருக்கிறேன்.

வணக்கம் டீச்சர். என் மகள் ஒன்பதாவது முடித்திருக்கிறாள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பம்பைச் சத்தத்துக்கு ஆடியதை ரீல்ஸாகப் போட்டாள். "கரிக்கட்டை", "பல்லாவரம்" என்று யார் யாரோ கமெண்ட். ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் அதையே படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பேர்ணாம்பட்டில் இருக்கும் என் தம்பி அவன் ஐடியிலிருந்து அவர்களைத் திட்டப்போய் இன்னும் பெரிசாகிவிட்டது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் திறந்தாலும் போகமாட்டேன் என்கிறாள்.
— ஒரு அம்மா, குடியாத்தம்

முதலில் பீரோவைத் திறங்கம்மா.

நீங்கள் பதறிப்போய்ச் செய்தது எனக்குப் புரிகிறது. ஆனால் போன் பீரோவுக்குள் இருந்தாலும் கமெண்ட் வந்துகொண்டுதான் இருக்கும். அவள் பார்க்கவில்லை, ஊர் பார்க்கிறது, அவள் வகுப்புப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், அது அவளுக்குத் தெரியும். என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்து கற்பனை செய்துகொண்டிருப்பது படிப்பதைவிட மோசம். இதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று இருக்கிறது. மாட்டிக்கொண்டால் போன் போய்விடும் என்று அவள் ஒரு பாடம் கற்றுக்கொண்டுவிட்டாள். நாளைக்கு எவனாவது மிரட்டினால் உங்களிடம் வந்து சொல்வாளா? முப்பத்தோரு வருஷம் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். கடைசிப் பத்து வருஷம் எந்தப் பெண் என்னிடம் தனியாக வந்து அழுதாலும் முதல் வாக்கியம் இதுதான்: "அம்மாவுக்குத் தெரிஞ்சா போன் போயிடும் மிஸ்." அம்மா அடிப்பாள் என்றுகூட எந்தப் பெண்ணும் அவ்வளவு பயந்ததில்லை.

எதிரில் உட்கார்ந்து விசாரணை வைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். முருங்கைக்கீரை உருவுகிறபோதோ துணி மடிக்கிறபோதோ, அவள் முகத்தைப் பார்க்காமல், "அன்னைக்கு நான் பயந்துட்டேன், அதான் புடுங்கிட்டேன், தப்புதான்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கீரையை உருவுங்கள், அதுதான் கஷ்டம். அவள் பேச ஆரம்பிக்க ஐந்து நிமிஷமும் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். பேச ஆரம்பித்ததும் "நாலு பேர் பார்க்கிற இடத்துல ஏன் ஆடினே" என்று கேட்டுவிடாதீர்கள். "கண்டுக்காதே" என்பதும் உதவாது, கண்டுகொள்ளாமல் இருக்க முடிந்தால் ராத்திரி ஒரு மணிக்கு விழித்துக்கொண்டிருப்பாளா?

முக்கியமாக, "நீ கருப்பு இல்லடி, மாநிறம்தான்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். கமெண்ட் போட்டவன் சொன்னதும் இதுவும் ஒன்றுதான், கருப்பு என்றால் மட்டம் என்று இரண்டு பேருமே ஒப்புக்கொள்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்கிறேன், உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிற சிவப்பழகு கிரீமை வாங்கி வைத்தது யார்?

இனி போன் வேலை. அந்தக் கமெண்டுகளை அவள் இனிமேல் படிக்க வேண்டாம், அவளுக்குப் பிடித்த ஒரு அக்காவோ சித்தியோ இருப்பாரே, அவரோ நீங்களோ அவள் சம்மதத்தோடு படியுங்கள். மோசமானவற்றை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட். போட்டவன் ஐடி பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும், ஏனென்றால் இவர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் அழியுங்கள். உங்கள் தம்பியையும் அவர் போட்டதையெல்லாம் அழிக்கச் சொல்லுங்கள். தாய்மாமன் பாசம் சரி, ஆனால் கமெண்ட் பகுதியில் சண்டை நடந்தால் இன்ஸ்டாகிராம் அந்த ரீல்ஸை இன்னும் நாலு பேருக்குத் தூக்கிக் காட்டும், அதற்குப் பாசமும் தெரியாது, சண்டையும் தெரியாது, கூட்டம் மட்டும்தான் தெரியும்.

தெரியாதவர்களை பிளாக் செய்யலாம். வகுப்பில் கூடப் படிக்கிறவர்களாக இருந்தால் 'ரெஸ்ட்ரிக்ட்' நல்லது. பிளாக் செய்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், "பயந்துட்டா" என்று அதற்கும் ஒரு ஸ்டேட்டஸ் போடுவார்கள். ரெஸ்ட்ரிக்ட் செய்தால் அவர்கள் போடும் கமெண்ட் அவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது, அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். 'ஹிட்டன் வேர்ட்ஸ்' என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதில் கரிக்கட்டை, பல்லாவரம் எல்லாவற்றையும் எழுதி வைத்தால் அந்தச் சொல் வரும் கமெண்டை அதுவே மறைத்துவிடும். தமிழிலும் எழுதுங்கள், இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதுவார்களே, அப்படியும் எழுதுங்கள்.

இன்னொன்று. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்கை இன்ஸ்டாகிராம் இப்போது தானாகவே பிரைவேட்டாக வைக்கிறது, 16-க்குக் கீழே என்றால் பெற்றவர் அனுமதியில்லாமல் அதை மாற்றவும் முடியாது. இந்தியாவில் 2025-ல் கொண்டுவந்தார்கள். உங்கள் மகள் கணக்கு ஊருக்கே திறந்திருந்தது என்றால் வயதைக் கூட்டிப் போட்டிருப்பாள், முக்கால்வாசிப் பிள்ளைகள் அப்படித்தான். திட்டாமல் சேர்ந்து உட்கார்ந்து சரி செய்யுங்கள். அந்த ரீல்ஸை எடுப்பதா, கமெண்டை மட்டும் மூடிவிட்டு வைத்திருப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். சாமி முன்னால் ஆடியது அவள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் மூன்றும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நேரில் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை, அல்லது பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம். பாகாயம் என்றாலே நம் ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். அவள் "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி ஏதாவது சொன்னால் இரண்டு வாரமெல்லாம் கிடையாது, அன்றைக்கே "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்படுவார்கள், அப்படி வராது. ஆம் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

என் பேரனைக் கேவலமாகக் கமெண்ட் போட்டவனை 66ஏ பிரிவில் உள்ளே தள்ளலாம் என்கிறார் எங்கள் தெருவில் ஒரு வக்கீல் குமாஸ்தா. உண்மையா?
— ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், வாலாஜாபேட்டை

அந்தக் குமாஸ்தா செய்தித்தாள் படித்து நாளாகியிருக்கும் போல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. "மனம் புண்படும்படி எழுதினான்" என்பதை மட்டும் வைத்து இப்போது அதில் வழக்குப் போட முடியாது. ஆனால் ஆபாசமாகப் போடுவது, பையன் பெயரிலும் படத்திலும் போலி ஐடி தொடங்குவது, உடை மாற்றுகிற இடத்தில் படம் பிடித்துப் பரப்புவது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டுவது, இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால், பையன் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. கமெண்டில் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் எழுதவில்லையே சார்.

நான் காட்பாடியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். டியூஷன் போகும்போது பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். கிளாஸ் குரூப்பில் யார் என்ன சொன்னாலும் அதைத்தான் போடுகிறார்கள். இப்போது என் பேரே 'டேய் ஸ்டிக்கர்'. முதலில் நானும் சிரிக்கிற எமோஜி போட்டேன். குரூப்பை விட்டு வெளியே போனால் "கோச்சிக்கினு போய்ட்டான்" என்று ஓட்டுவார்கள். அப்பாவிடம் சொல்ல முடியாது.
— ஒரு மாணவன்

தம்பி, நீ சிரித்த எமோஜியை நினைத்து இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அப்போது வேறு என்ன செய்திருக்க முடியும்? பஸ்ஸில் நாற்பது பேர் முன்னால் கால் தடுக்கி விழுந்தவன்கூட எழுந்து சிரித்துக்கொண்டுதான் நிற்கிறான், வலிக்கவில்லை என்றா அர்த்தம்? நீ சிரித்ததால் அவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டதாக ஆகாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கரை அவரவர் சேமித்து வைத்திருப்பார்கள், எல்லோர் போனிலிருந்தும் அழிக்க வழியில்லை. அதனால் ஸ்டிக்கரை விடு, ஆளைப் பிடி. குரூப்பில் எதுவும் எழுதாதே, அங்கே நீ எது எழுதினாலும் அதற்கும் ஒரு ஸ்டிக்கர் விழும். அந்தக் கூட்டத்தில் சும்மா கூட்டத்தோடு சிரிக்கிறவன் ஒருவன் இருப்பான், உன்னோடு கேண்டீனில் சமோசா பங்கு போட்டவன். அவனைத் தனியாகப் பார்த்து, "டேய், எனக்கு இது புடிக்கல, நிறுத்துடா" என்று மட்டும் சொல். கெஞ்ச வேண்டாம், கோபப்பட வேண்டாம். அவன் அந்த ஸ்டிக்கரைப் போடுவதை நிறுத்தினால், அடுத்தவனுக்குச் சிரிக்க ஆள் குறைகிறது. ஆள் குறைந்தால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். குரூப்பை விட்டு வெளியே வர வேண்டாம், மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடு, ஹோம்வொர்க் கேட்க மட்டும் திற. செட்டிங்ஸில் உன்னை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்று ஓர் இடம் இருக்கிறது, அதையும் மாற்றிவை.

ஒரு வாரத்தில் அடங்கவில்லை என்றாலோ, சாதி, உடம்பு என்று பேச்சு திரும்பினாலோ ஸ்கிரீன்ஷாட் எடு. உடனே எடுக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பியவன் இரண்டு நாள் கழித்துக்கூட எல்லோருக்குமாக அழித்துவிட முடியும். எடுத்துக்கொண்டு அப்பாவிடம்தான் போக வேண்டும் என்றில்லை. மாமா, அக்கா, பிடி வாத்தியார், யாராவது ஒரு பெரியவர். யாருமே இல்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நீயே பேசலாம், பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோருக்கும் உள்ளது அது, காசு கிடையாது. ஆனாலும் அப்பாவிடம் ஏன் சொல்ல முடியாது என்று நீ எழுதாததை நான் கவனித்தேன். அடுத்த கடிதத்தில் எழுது.

என் அக்கா மகள், வயது 16. அவள் டிபியை எடுத்து நிர்வாணப் படமாக மாற்றி அவளுக்கே அனுப்பி, ஐயாயிரம் ரூபாய் கேட்கிறான் எவனோ. அக்கா, மாமாவுக்குத் தெரியாது. அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லட்டுமா? பணத்தைக் கொடுத்து முடித்துவிடலாமா?
— ராணிப்பேட்டை

இந்தக் கடிதத்துக்கு அன்றைக்கே போனில் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.

பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த வாரம் பத்தாயிரம் கேட்பான். படத்தை உங்கள் போனுக்கு வாங்காதீர்கள், குடும்பத்தில் யாருக்கும் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவதும் சேமிப்பதும் சட்டப்படி குற்றம், சாட்சிக்காகத்தான் என்றாலும் வம்பு. அவள் போனிலேயே, அவன் ஐடி, எண், மிரட்டல், பணம் கேட்ட யுபிஐ விவரம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், அல்லது தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் போடுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்க முடியும், ஆனால் ஆளைப் பிடிக்க வேண்டும் என்றால் பெயரோடு கொடுப்பதே நல்லது. படம் வந்த தளத்திலும், அதாவது இன்ஸ்டாகிராமோ எதுவோ, புகார் கொடுங்கள். நிர்வாணப் படம், மார்ஃபிங் என்றால் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே போட்டிருந்தார்கள். 'டேக் இட் டவுன்' என்று 18 வயதுக்குட்பட்டவர்களுக்காக ஓர் இலவசச் சேவையும் இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்பத் தேவையில்லை, போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஓர் எண்ணை உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் பெரிய தளங்களுக்குக் கொடுத்துவிடும், அங்கே யாராவது ஏற்றினால் அதை வைத்துக் கண்டுபிடித்து நீக்குவார்கள்.

போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினால் பெண் பெயர் கெட்டுவிடும் என்று மாமா சொல்வார். அவரிடம் இதைச் சொல்லுங்கள். போக்சோ சட்டம் 2012-லேயே வந்தது. அதன்படி காவல் அதிகாரி, கூடியவரை ஒரு பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல், அவள் வீட்டுக்கோ அவள் விரும்பும் இடத்துக்கோ வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் உட்காரவைக்கக் கூடாது, அவள் பெயரையோ பள்ளிக்கூடத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவள் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், முதல் அடி விழுகிற வீடாக இருந்தால் கை தடுக்கிற தூரத்தில் இருங்கள்.

எங்கள் காலத்தில் பட்டப்பேர் இல்லாத ஆளே கிடையாது. நொண்டி, சொட்டை, ஒல்லிப்பிச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். யாரும் செத்துப்போகவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பில்லை என்பதுதான் என் கருத்து.
— சைதாப்பேட்டை, வேலூர்

நீங்கள் வேலூர்க்காரர்தானே ஐயா. நம் ஊருக்கே ஒரு பட்டப்பேர் உண்டு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் வைத்தது 1981-ல். இத்தனை வருஷம் ஆகியும் வெளியூர்க்காரன் "சாமியில்லாத கோயில்" என்றுதான் ஆரம்பிக்கிறான். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோதும் எவனும் அந்த வரியைத் திருத்தவில்லை. சொன்னவன் மறந்துவிடுவான், சொல் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். உங்களை ஒல்லிப்பிச்சான் என்று கூப்பிட்டவர்கள் ஒரு தெரு, அந்தத் தெருவிலேயே உங்கள் பக்கம் பேச நாலு பேர் இருந்தார்கள். இந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறவன் திருநெல்வேலியில் இருக்கிறானா துபாயில் இருக்கிறானா என்றே தெரியாது.

அது சரி, அந்த நொண்டி என்று கூப்பிட்டீர்களே, அவரைக் கேட்டீர்களா?

என் பையன் பத்தாவது. கூடப் படிக்கும் ஒரு பெண்ணைக் கிண்டல் செய்ய மீம் பேஜ் நடத்தியிருக்கிறான். அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் கடைக்கே வந்து அழுதுவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்தில் பெல்ட்டால் அடித்து, போனைத் தரையில் போட்டு உடைத்துவிட்டேன். ஒருவேளை கேஸ் வந்தால் ஜெயிலா? இவனை என்ன செய்வது?
— ஆற்காடு, மளிகைக்கடைக்காரர்

இந்த மாதம் வந்ததில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்கள் கடிதம்தான். பெண்ணைப் பெற்றவர்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள், பையன் செய்தான் என்று எழுதுகிற அப்பா அபூர்வம். அதற்கு ஒரு வணக்கம்.

பெல்ட்டுக்கு வணக்கம் கிடையாது. தன்னைவிடப் பலம் குறைந்தவரை நாலு பேர் அறியச் சிறுமைப்படுத்தலாம் என்பதுதான் அவன் செய்த தப்பு, அதையே நீங்களும் செய்து காட்டினால் அவன் எதைக் கற்றுக்கொள்வான்? மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதைத்தான்.

ஜெயில் கிடையாது. 18 வயதுக்குட்பட்டவன் என்றால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும், அங்கே அறிவுரை, கவுன்சலிங் என்று திருத்தத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் மீமில் ஆபாசமோ மார்ஃபிங்கோ இருந்தால் விஷயம் கனமானது, மறைக்கப் பார்க்காதீர்கள், ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கோபம் அடங்கினதும் அவனிடம் உட்கார்ந்து, யார் முதலில் ஆரம்பித்தது, எத்தனை பேர் சேர்ந்து நடத்தினார்கள், அவனை யாராவது இப்படி ஓட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கிண்டல் வாங்கின பிள்ளையே அடுத்த வருஷம் கிண்டல் பேஜ் நடத்துவதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அதனால் செய்தது சரியாகிவிடாது, எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மன்னிப்பு கேட்க அவனை இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கு அவன் முகத்தைப் பார்க்க இஷ்டமா என்று முதலில் நீங்கள் அந்த அம்மாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஒரு வெள்ளைத்தாளில் அவன் கையெழுத்தில் எழுதட்டும், "யார் மனசாவது புண்பட்டிருந்தால்" என்கிற இழுவையெல்லாம் இல்லாமல், என்ன செய்தான் என்று எழுதி.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு அவசர வேலை இருக்கிறது. நீங்கள் உடைத்தது போனை, பேஜை இல்லை. அது இந்த நிமிஷமும் ஓடிக்கொண்டிருக்கும், அதை மூட வேண்டியவன் லாகின் பண்ண வழியில்லாமல் உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்குக் கடையைச் சாத்தியதும் உங்கள் போனை அவனிடம் கொடுத்து, உங்கள் கண் முன்னால் லாகின் பண்ணச் சொல்லுங்கள். சிம்மை உடைந்த போனிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். அந்தப் பெண் வீட்டார் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொரு மீமாக அவனே அழிக்கட்டும். பாஸ்வேர்ட் மறந்துபோச்சு என்பான். மறந்திருக்காது, இன்னொரு தடவை கேளுங்கள்.